எவரெஸ்ட், அன்னபூர்ணா, கஞ்சன்ஜங்கா: எந்த அடிவார முகாமுக்கு நடப்பது?

"பதினான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. எவரெஸ்ட் போகலாமா, அன்னபூர்ணா போகலாமா?" சித்திரையும் ஐப்பசியும் நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வாசகர்களிடமிருந்து வந்துவிடுகிறது. கூடவே இன்னொன்றும் வரும்: "வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியிருக்கிறேன். அடிவார முகாம் முடியுமா?" அண்மையில் மூன்றாவதாக ஒரு பெயரும் சேர்ந்திருக்கிறது. கூட்டமில்லாத இடம் வேண்டும் என்பவர்கள் கஞ்சன்ஜங்காவைப் பற்றிக் கேட்கிறார்கள்.

நேபாளத்தில் உள்ள இந்த மூன்று மலைகளின் அடிவார முகாம்களுக்கும், அதாவது சிகரம் ஏறுபவர்கள் கூடாரமடித்துத் தங்கும் இடங்களுக்கும், நடந்திருக்கிறேன். எவரெஸ்ட் பாதையில் முதல் முறை தோற்றுத் திரும்பினேன். அந்தத் தோல்வியிலிருந்து கற்றதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. முதலில் நாட்களை எண்ணுங்கள். மலையை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள். பெரும்பாலானவர்கள் மலையின் பெயரை முடிவு செய்துவிட்டு, இருக்கிற விடுப்புக்குள் அதை அடைக்கப் பார்க்கிறார்கள். உடல் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் இரவுகள். எத்தனை கிலோமீட்டர் நடக்கிறோம் என்பதைவிட, எந்த உயரத்தில் எத்தனை இரவு தூங்குகிறோம் என்பதுதான் இந்த நடையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. நம் ஊர் உயரங்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தமிழ்நாட்டின் உயரமான சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். எவரெஸ்ட் நடை தொடங்கும் லுக்லா விமான நிலையமோ ஏறத்தாழ 2,860 மீட்டர். தென்னிந்தியாவில் ஏறி முடிக்கக்கூடிய எந்த உச்சியையும்விட உயரமான இடத்தில்தான் முதல் அடியையே எடுத்து வைக்கிறோம்.

மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. காற்றழுத்தம்தான் குறைகிறது. அதனால் எவரெஸ்ட் அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். இதற்குப் பழக உடலுக்கு நாட்கள் வேண்டும். பழகுமுன் ஏறினால் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என உயர நோய் வரும். 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் விதி இது. இருபத்தைந்து வயது மாரத்தான் வீரருக்கும் அறுபது வயது ஆசிரியைக்கும் இது ஒன்றுதான். உடல்வலு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளியங்கிரி கேள்விக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. ஏழு மலையும் ஏறிய கால்கள் அன்னபூர்ணாவின் கற்படிகளை நன்றாகச் சமாளிக்கும். அங்கே பெற்ற பயிற்சி வீணாகாது. ஆனால் கால்கள் பழகியதால் நுரையீரலும் மூளையும் உயரத்துக்குப் பழகிவிட்டதாக ஆகாது. சமவெளியில் வாழ்ந்துகொண்டு அதற்குப் பயிற்சி எடுக்கவும் வழியில்லை.

இரண்டாவது அளவுகோல், நடை தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு நிச்சயமாகப் போய்ச் சேர முடியும் என்பது. மூன்றாவது, உடல்நிலை கெட்டால் எவ்வளவு விரைவாகக் கீழே இறங்கலாம் என்பது. நான்காவது பணம், குறிப்பாக விளம்பரத்தில் சொல்லாத பணம். கடைசியாக, அங்கே எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பது. இதைக் கடைசியில் வைத்தாலும் சிறிதாக எண்ணவில்லை. மற்ற நான்கும் சரியாக இருந்தால்தான் இதைப் பற்றிப் பேசவே முடியும்.

| | எவரெஸ்ட் | அன்னபூர்ணா | கஞ்சன்ஜங்கா (வடக்கு) |
|---|---|---|---|
| முகாமின் உயரம் | 5,364 மீ. | 4,130 மீ. | ஏறத்தாழ 5,140 மீ. |
| தூங்கும் மிக உயர்ந்த இடம் | கோரக் ஷெப், 5,164 மீ. | முகாமிலேயே | லோனக், ஏறத்தாழ 4,780 மீ. |
| நடை நாட்கள் | 12 | 7 முதல் 9 | 12 முதல் 14 |
| வீட்டிலிருந்து வீடு வரை | 17 அல்லது 18 நாள் | 11 அல்லது 12 நாள் | 19 முதல் 21 நாள் |
| தொடங்கும் ஊர் | லுக்லா (விமானம்) | பொக்காரா (சாலை) | தாப்லேஜுங் (சாலை) |
| பெரிய கவலை | விமான ரத்து, உயர நோய் | பனிச்சரிவு, முழங்கால் | மண்சரிவு, உதவியின் தொலைவு |
| தனியாகப் போகலாமா | நடைமுறையில் போகிறார்கள் | வழிகாட்டி வேண்டும் | வழிகாட்டியும் தனி அனுமதியும் கட்டாயம் |

நாட்கணக்கு சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களிலிருந்து புறப்படுபவர்களுக்கு நான் போட்டது. இரண்டு நாள் கையிருப்பும் அதில் அடங்கும்.

## எவரெஸ்ட் அடிவார முகாம்

லுக்லாவிலிருந்து நடக்கும் முறையான திட்டம் இப்படி இருக்கும். ஃபாக்டிங்கில் ஓர் இரவு, நாம்சே பஜாரில் (3,440 மீ.) இரண்டு, தெங்போச்சேயில் (3,860 மீ.) ஒன்று, டிங்போச்சேயில் (4,410 மீ.) இரண்டு, லோபுச்சேயில் ஒன்று, கோரக் ஷெப்பில் ஒன்று. இறங்க மூன்று இரவுகள். ஆக மொத்தம் பதினோரு இரவுகள். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் வரும் இரண்டாவது இரவை "ஓய்வு நாள்" என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் பலருக்கு வெட்டத் தோன்றும். உண்மையில் திட்டத்தில் மிகக் கடுமையாக வேலை நடக்கும் நாட்கள் அவைதான். வேலை செய்வது கால்கள் அல்ல, இரத்தமும் நுரையீரலும்.

எங்கள் முதல் பயணத்தில் ஏற்பாட்டாளர் ஒருவர் பத்து நாள் திட்டத்தை விற்றார். விலை குறைவாக இருந்தது, விடுப்பும் மிச்சமாகும் என்று மகிழ்ந்து வாங்கினோம். டிங்போச்சேயின் இரண்டாவது இரவு அதில் இல்லை. லோபுச்சேயில் அன்று மாலை என் நண்பருக்குத் தலைவலி தொடங்கியது. இரவு உணவைப் பார்த்தவுடன் வாந்தி எடுத்தார். ஒன்பது மணிக்கு விடுதியின் நடைவழியில் நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். தலையில் கட்டும் விளக்கின் வெளிச்சத்தில் அவரைத் தாங்கிப் பிடித்து ஃபெரிச்சேவுக்கு இறங்கினோம். கீழே வந்த பிறகு தேறிவிட்டார். நாங்கள் அடிவார முகாமைப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து முழுத் திட்டத்தோடு போனபோது, அதே நண்பர் அதே லோபுச்சேயில் இரண்டு தட்டு தால் பாத் (பருப்பும் சோறும்) சாப்பிட்டார். மனிதர் மாறவில்லை. கூடுதலாக ஓர் இரவு தூங்கியிருந்தார், அவ்வளவே.

ஃபெரிச்சேயைப் பற்றி ஒரு வார்த்தை. 1973-ல் தொடங்கிய இமாலய மீட்புச் சங்கம் நடையாளர்கள் கூடும் பருவங்களில் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தை நடத்துகிறது. கீழே குண்டேயில் எட்மண்ட் ஹிலாரி 1966-ல் கட்டிக்கொடுத்த மருத்துவமனை இருக்கிறது. மூன்று பாதைகளில் உதவி மிக அருகில் இருப்பது இங்கேதான். ஆபத்து மிக உயரத்தில் இருப்பதும் இங்கேதான்.

இனி லுக்லா. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர். ஒரு முனை மறுமுனையைவிட நன்றாக உயர்ந்திருக்கும் சரிவு அது. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மேகம் மூடினால் அன்றைய விமானம் இல்லை. கூட்டம் மிகுந்த பருவங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. மந்தலி என்னும் ராமேச்சாப் விமான நிலையத்துக்கு நான்கைந்து மணி நேரம் சாலையில் போக வேண்டும். அதற்கு நள்ளிரவு தாண்டியவுடன் காட்மாண்டுவில் வண்டி ஏற வேண்டும். போகும்போது தாமதமானால் ஓய்வு நாளை வெட்டச் சொல்வார்கள். வரும்போது தாமதமானால் சென்னைக்கான விமானத்தைத் தவறவிடுவீர்கள். இரண்டு நாள் கையிருப்பு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விமானமே வேண்டாம் என்பவர்கள் சல்லேரி வழியாக ஜீப்பில் போய் நடையைத் தொடங்கலாம். செலவு குறையும், நாட்கள் கூடும். தாழ்வான இடத்திலிருந்து மெல்ல ஏறுவதால் உடலுக்கு அது நல்லது.

முகாமில் என்ன இருக்கிறது? ஏமாற்றத்துக்கு ஆளாகாமல் இருக்க இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முகாமிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. நுப்ட்சே சிகரமும் எவரெஸ்டின் மேற்குத் தோளும் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்க காலா பத்தர் ஏற வேண்டும். பெயருக்குக் கருங்கல் என்று பொருள். 5,500 மீட்டருக்கு மேல் உயரம். அங்கிருந்து மாலை வெயிலில் எவரெஸ்டின் பாறை முகம் செம்பொன்னாவதைப் பார்க்கலாம். நாம் முகாமில் இரவு தங்குவதும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு கோரக் ஷெப்புக்குத் திரும்புகிறோம். ஏறுபவர்களின் கூடார நகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் போக வேண்டும். அக்டோபரில் அங்கே கும்பு பனியாறும் கற்களும்தான் இருக்கும்.

அப்படியானால் எதற்காகப் போவது? பாதைக்காக. நாம்சே ஏற்றத்தில் மரங்களின் இடைவெளியில் எவரெஸ்ட் முதலில் தென்படும் நொடிக்காக. தெங்போச்சே மடத்தின் முற்றத்தில் அமா தப்லாம் சிகரம் கண்ணெதிரே நிற்பதற்காக. துக்லா கணவாயில், மலையில் இறந்தவர்களுக்காக அடுக்கி வைத்திருக்கும் கல் நினைவுச் சின்னங்களுக்காக. பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும் அந்த மேட்டில் எல்லோரும் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இப்பாதை முழுவதும் ஷெர்பாக்களின் நாடு. எவரெஸ்ட் ஏறிய வரலாறு அவர்களின் தோள்களில் நடந்தது என்பது அங்கே நடந்தால்தான் உறைக்கிறது.

யாருக்கு ஏற்றது: பதினேழு நாள் தடையின்றி ஒதுக்க முடிந்தவர்களுக்கு, குளிரில், அரைகுறைத் தூக்கத்தில் ஒரு வாரம் கழிக்கத் தயாரானவர்களுக்கு, எவரெஸ்ட் என்ற சொல் சிறு வயதிலிருந்தே மனத்தில் இருப்பவர்களுக்கு. அந்த ஆசை உண்மையானது. யாரும் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

## அன்னபூர்ணா அடிவார முகாம்

கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் விடை இதுதான். பொக்காராவிலிருந்து ஜீப்பில் போய் அன்றே நடக்கத் தொடங்கலாம். கந்துருக், சோம்ரோங், பாம்பூ, தோவன், தெவுராலி, மச்சாபுச்ரே அடிவார முகாம், பிறகு அன்னபூர்ணா. விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2,000 மீட்டர் உயரத்தில் குருங் மக்களின் கல்வீடுகள், கேழ்வரகு வயல்கள். அப்புறம் மூங்கில் காடு. அதற்கும் மேலே பள்ளத்தாக்கு குறுகி, இரு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து, ஒரு வாசலுக்குள் நுழைவது போல நுழைந்தால் சுற்றிலும் பனிமலைகள். 1956-ல் பிரிட்டிஷ் மலையேறி ஜிம்மி ராபர்ட்ஸ் வரும் வரை வெளியுலகத்தார் யாரும் இந்த வட்டத்துக்குள் வந்ததில்லை. உள்ளூர் மக்களுக்கு அது தெய்வங்களின் இருப்பிடம். சோம்ரோங்குக்கு மேலே இறைச்சி கொண்டுபோகக் கூடாது என்ற வழக்கம் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. மச்சாபுச்ரேயின் (6,993 மீ.) உச்சியில் ஏற இன்றும் அனுமதி இல்லை.

இங்கே முகாமிலேயே விடுதிகள் இருக்கின்றன. இரவு அங்கே தூங்கி, அதிகாலையில் போர்வையோடு வெளியே வந்து நின்றால் போதும். 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணாவின் தெற்கு முகம் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒளி பெறத் தொடங்கும். திரும்பிப் பார்த்தால் மச்சாபுச்ரே இன்னும் கருநிழலாக நிற்கும். மனிதர் ஏறிய முதல் எட்டாயிரம் மீட்டர் சிகரம் அன்னபூர்ணா. 1950 ஜூன் 3 அன்று பிரெஞ்சு மலையேறிகள் ஹெர்சோக்கும் லாஷெனாலும் வடக்கிலிருந்து ஏறினார்கள். நாம் பார்க்கும் செங்குத்தான தெற்கு முகம் 1970-ல்தான் வசப்பட்டது. முகாமுக்கு அருகே, 1997-ல் இம்மலையில் பனிச்சரிவில் மறைந்த மலையேறி அனத்தோலி புக்ரீவின் நினைவிடம் இருக்கிறது. மலைக்காட்சி என்று மட்டும் பார்த்தால் எவரெஸ்ட் முகாமைவிட இது மேலானது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

எளிது என்று நினைத்து ஏமாறும் இடங்களும் உண்டு. முதலாவது படிகள். சோம்ரோங் ஊரின் உச்சியிலிருந்து ஆறு வரை கற்படிகளில் இறங்கி, பாலம் கடந்து, சினுவாவுக்கு மறுபடி ஏற வேண்டும். திரும்பி வரும்போது இதே கதை தலைகீழாக. என் அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. உயரம் அவரை ஒன்றும் செய்யவில்லை. இறக்கத்தில் முழங்கால்தான் அழவைத்தது. இரண்டு ஊன்றுகோல்கள் இல்லாமல் இந்தப் பாதைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, கடைசி நாளின் உயரத் தாவல். தெவுராலி 3,200 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் 4,130 மீட்டருக்குப் போய்த் தூங்குவதுதான் வழக்கமான குறுந்திட்டம். மேலே சொன்ன 500 மீட்டர் விதியை அது ஏறத்தாழ இருமடங்கு மீறுகிறது. முகாமில் தலைவலியோடு இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படி வந்தவர்கள்தான். மச்சாபுச்ரே அடிவார முகாமில் (3,700 மீ.) ஓர் இரவைச் சேருங்கள். ஒரு நாள் கூடும், அதற்குரிய பலன் உண்டு. ஒரு நிம்மதி, உடம்பு முடியவில்லை என்றால் இங்கே ஒரே நாளில் 2,300 மீட்டரில் உள்ள பாம்பூ வரை இறங்கிவிடலாம். உயர நோய்க்கு இறங்குவதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. அந்த மருந்து மிக அருகில் இருப்பது அன்னபூர்ணாவில்தான்.

மூன்றாவது பனிச்சரிவு. தெவுராலியைச் சுற்றிப் பள்ளத்தாக்கு குறுகலாகும் பகுதியில், கண்ணுக்குத் தெரியாத மேல்சரிவுகளிலிருந்து பனி விழும். 2020 ஜனவரியில் அங்கே நடையாளர்களும் வழிகாட்டிகளும் உயிரிழந்தார்கள். புதிதாகப் பனி கொட்டியிருந்தால், விடுதிக்காரர் "இன்று வேண்டாம்" என்றால், அன்று போகாதீர்கள். போகலாம் என்றால் விடியலிலேயே கடந்துவிடுங்கள்.

யாருக்கு ஏற்றது: முதல் முறை இமயம் போகிறவர்களுக்கு, பன்னிரண்டு நாள் மட்டும் இருப்பவர்களுக்கு, பெற்றோரையோ பதின்வயதுப் பிள்ளைகளையோ அழைத்துச் செல்பவர்களுக்கு. முழங்கால் வலி பழைய நோயாக இருப்பவர்கள் மட்டும் எவரெஸ்ட் பாதையின் சீரான ஏற்றத்தை யோசிக்கலாம்.

## கஞ்சன்ஜங்கா வடக்கு அடிவார முகாம்

உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம், 8,586 மீட்டர். 1955-ல் முதலில் ஏறிய ஜோ பிரௌனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மக்களுக்குப் புனிதமான உச்சியை மிதிப்பதில்லை என்று கொடுத்த வாக்குக்காகச் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினார்கள். பின்னால் வந்தவர்களில் பலரும் அந்த மரபைக் காத்தார்கள். அங்கே நடக்கப் போகிறவர்கள் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் நல்லது.

இங்கே போக காட்மாண்டு வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. நியூ ஜல்பைகுரி வரை ரயில், அல்லது பாக்டோக்ரா வரை விமானம். சிலிகுரியிலிருந்து எல்லையைக் கடந்து காகர்பிட்டா, பிறகு இலாம் தேயிலைத் தோட்டங்கள் வழியாக தாப்லேஜுங். தமிழ்நாட்டிலிருந்து ரயிலிலேயே இமய அடிவாரம் வரை போய்ச் சேரும் வழி இது. தாப்லேஜுங்கிலிருந்து செகாத்தும் வரை ஜீப், பிறகு நடை. லிம்பு மக்களின் ஏலக்காய்த் தோட்டங்களில் தொடங்கி, திபெத்திய மரபுள்ள குன்சா ஊருக்குப் போய், கம்பாச்சென், லோனக் தாண்டி, வடக்கு அடிவார முகாம் இருக்கும் பாங்பெமாவில் முடியும்.

குன்சாவில் இரண்டு இரவும் கம்பாச்செனில் இரண்டு இரவும் தங்குவது நல்லது. மாலையில் அடுப்பைச் சுற்றி உட்காருபவர்கள் ஆறேழு பேர்தான் இருப்பார்கள். எவரெஸ்ட் பாதையில் நாற்பது பேர் கூடும் உணவறையோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். பாங்பெமாவில் நாங்கள் நின்ற காலையில், எங்களைத் தவிர அங்கே இருந்தவை சில நீலச்செம்மறிகள் மட்டுமே.

இந்தத் தனிமைக்கு விலை உண்டு. விடுதிகள் எளியவை, பருவம் தவறினால் மூடியிருக்கும். செல்பேசித் தொடர்பை நம்ப முடியாது. மருத்துவர் நாட்கணக்கான தொலைவில் இருக்கிறார். ஹெலிகாப்டர் வரும், வானிலை விட்டால். மழைக்காலத்துக்குப் பின் சாலையும் பாதையும் மண்சரிவில் மறைந்திருக்கலாம். இது தடைசெய்யப்பட்ட பகுதி என்பதால், பதிவு பெற்ற நிறுவனம் வழியாகத் தனி அனுமதி பெற வேண்டும். கட்டணம் வாரத்துக்கு 20 டாலர். வழிகாட்டியின் ஊதியம் நீண்ட நாட்களுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், விமானச் செலவு இல்லாவிட்டாலும் மொத்தச் செலவு எவரெஸ்டுக்குக் குறையாது.

யாருக்கு ஏற்றது: ஏற்கெனவே ஒருமுறையாவது 4,500 மீட்டருக்கு மேல் தூங்கி, தன் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்தவர்களுக்கு. முதல் முறை போகிறவர்கள் எத்தனை ஆசைப்பட்டாலும் இங்கே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

## விளம்பரத்தில் வராத செலவுகள்

அனுமதிக் கட்டணம் பெரிய தொகை இல்லை. சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் சலுகை உண்டு. எவரெஸ்ட் பாதை செல்லும் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு வரி நீங்கலாக 1,500 நேபாள ரூபாய், அன்னபூர்ணாவுக்கு 1,000. நம் ஒரு ரூபாய் 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். எவரெஸ்ட் பாதை இருக்கும் கும்பு வட்டாரத்தில் உள்ளாட்சி தனியாக ஒரு கட்டணம் வாங்குகிறது. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடையாளர்கள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்பது நேபாளத்தின் விதி. கும்பு உள்ளாட்சி அதை நடைமுறைப்படுத்தவில்லை. அன்னபூர்ணாவில் அது பொருந்தும்.

பணம் கரைவது வேறு இடத்தில். ஒவ்வொரு 500 மீட்டருக்கும் உணவின் விலை ஏறும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிசியும் எரிவாயுவும் ஒருவர் முதுகிலோ யாக் முதுகிலோ அங்கே வந்திருக்கின்றன. அறை வாடகை குறைவு, ஆனால் அதே விடுதியில் சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். செல்பேசிக்கு மின்னேற்றம், வெந்நீர்க் குளியல், இணையம், குடிக்கும் வெந்நீர், எல்லாவற்றுக்கும் தனிக் காசு. மேலே ஏடிஎம் இல்லாததால் நாம்சேயிலோ பொக்காராவிலோ ரொக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ச் சுத்திகரிப்பு மாத்திரை கொண்டுபோனால் குப்பியும் மிச்சம், பணமும் மிச்சம்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, எவரெஸ்ட் முகாமின் உயரத்துக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. அதே சமயம், தேவையில்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டுப் பணம் பறிக்கும் மோசடியை நேபாள அரசே 2018-ல் விசாரித்தது. லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் பேச்சை எடுத்தால், முதலில் கீழே நடந்து இறங்கிப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நேராக நடக்க முடியவில்லை, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். உயர நோயைத் தடுக்க உதவும் டையமாக்ஸ் மாத்திரை எடுப்பதானால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

சுமைதூக்குபவர் விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். மொத்தச் சுமை முப்பது கிலோவைத் தாண்டக் கூடாது. அவருக்குக் குளிராடை, நல்ல காலணி, காப்பீடு, கூரையுள்ள தூங்குமிடம் உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மூன்று நிறுவனங்களின் விலையை ஒப்பிடும்போது மிகக் குறைந்த விலை எங்கிருந்து குறைந்தது என்று பாருங்கள். ஒன்று உங்கள் ஓய்வு நாளிலிருந்து, இல்லையென்றால் அவருடைய கூலியிலிருந்து.

## எந்த மாதம்

மூன்று இடங்களுக்கும் அக்டோபர், நவம்பர் தெளிவான வானம். மார்ச் இறுதி முதல் மே வரை மலர்க்காலம். அன்னபூர்ணாவின் கீழ்க்காடுகளில் மார்ச், ஏப்ரலில் ரோடோடென்ட்ரான் சிவந்து கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழையும் அட்டைகளும்.

ஆனால் அக்டோபரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நம் கடலோடு தொடர்புள்ள செய்தி இது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹூத்ஹூத் புயலின் எச்சம், இரண்டே நாளில் அன்னபூர்ணா வட்டாரத்துக்குப் போய்ப் பெரும்பனியாகக் கொட்டியது. தொரோங் கணவாயைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்காள விரிகுடாவில் புயல் உருவானால் சென்னைக்காரர்கள் மட்டும் வானிலை அறிக்கை பார்த்தால் போதாது; அந்த வாரம் இமயத்தில் இருப்பவர்களும் பார்க்க வேண்டும்.

## முடிவெடுக்க

பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் அன்னபூர்ணா. பதினான்கு நாள் என்றாலும் அன்னபூர்ணாதான். கூடுதலாகக் கிடைத்த நாட்களை மச்சாபுச்ரே முகாமிலும் கந்துருக்கிலும் செலவிடுங்கள். தொடக்கத்தில் கேட்ட வாசகருக்கு இதுவே என் விடை. பதினேழு, பதினெட்டு நாள் உறுதியாக இருந்தால் எவரெஸ்ட். மூன்று வாரமும் முன் அனுபவமும் இருந்தால் கஞ்சன்ஜங்கா.

எவரெஸ்ட் தவிர வேறெதிலும் மனம் நிறையாது, ஆனால் இந்த ஆண்டு பதினான்கு நாள்தான் என்றால், இந்த ஆண்டு போகாதீர்கள். அடுத்த ஆண்டின் விடுப்பையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை வாரம் நான்கு நாள் படியேறுங்கள், முதுகில் ஆறு கிலோ பையோடு. ஏற்பாட்டாளர் அனுப்பும் திட்டத்தில் டிங்போச்சே என்ற பெயர், ஏறும் வழியில் இரண்டு இரவுகளுக்கு எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.